சிலைக்கு முன்பே வந்த பெயர்

ரோல்ஸ்-ராய்ஸ் காரின் கவர்ச்சியே முகப்பில் நிற்கும் வெள்ளிப் பெண் சிலைதான் என்கிறது ஒரு கட்டுரை. ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சிலை வந்தது 1911-இல். 1907-லேயே அந்த நிறுவனத்தின் 'சில்வர் கோஸ்ட்' கார் ஏறத்தாழ 15,000 மைல் ஓடிக் காட்டிப் பெயர் வாங்கிவிட்டது. பேய் என்று பெயர் வைத்ததே சத்தமில்லாமல் வந்து நிற்கும் என்பதால்தான். நிறுவனர் இருவரில் ரோல்ஸ், ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. 1910-இல் விமான விபத்தில் இறந்துபோனார். ராய்ஸோ சிறுவயதில் செய்தித்தாள் விற்றவர். என் ஓட்டு அவருக்கே!

குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டிய என் தாத்தா, கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் முனகுவதைக் கேட்டே வண்டியை எடைபோடுவார். அவரிடம் இந்தச் சிலையைக் காட்டியிருந்தால், "அது இருக்கட்டும், முதலில் பானெட்டைத் திற" என்றிருப்பார்.