"குரூப்புல போட்டேனே, பாக்கலையா?"

இன்னிக்கு ஒரே நாள்ல மூணு பேர் என்கிட்ட இதக் கேட்டுட்டாங்க. மூணு பேர்கிட்டயும் என் நம்பர் இருக்கு. ஒருத்தர் ஒரு போன் அடிச்சிருந்தா அர நிமிசத்துல பேச்சு முடிஞ்சிருக்கும். ராத்திரி 11.40க்கு குரூப்புல தட்டிவிட்டுட்டு நிம்மதியாத் தூங்கிட்டாங்க. நான் தூங்குற நேரத்துல அவங்க போட்டதப் பாக்காதது என் தப்பாம்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம்கிற ஊர்ல ஒரு நண்டுக் கம்பெனியில கணக்கு பாக்குறேன். மொத்தமே 22 பேர் வேல செய்ற இடம். என் போன்ல வேலைக்குன்னு மட்டும் 11 குரூப். எட குரூப், பில் குரூப், வண்டி குரூப், ஐஸ் குரூப், "அவசரம்"னு ஒண்ணு. அந்த அவசரத்துல கண்டதையும் போட ஆரம்பிச்சதால "மிக அவசரம்"னு இன்னொண்ணு. இப்ப அதுலயும் பொறந்தநாள் வாழ்த்து வருது.

காலைல நடந்தது இது.

6.05க்கு பாம்பன்ல இருந்து ஒரு தாத்தா கூடையோட வந்து எறக்குறாரு. வடக்குக் கடல்ல அவரும் மகனும் ராத்திரி பூரா வல இழுத்துக் கொண்டுவந்த நண்டு. மேல ஈரச் சாக்கு. உள்ள முக்கால்வாசி உசுரோட இருக்கு, சாக்கப் பிராண்டுற சத்தம் மேச வரைக்கும் கேக்குது. தராசுல வெச்சேன், 14 கிலோ 300. ரெண்டு வருசத்துக்கு முன்னாடின்னா நோட்டுல ஒரு வரி, கையில ஒரு சீட்டு, கூடை கேட்டுக்குப் போயிருக்கும். மூணு நிமிசம்.

இப்ப முதல்ல போட்டோ எடுக்கணும். அதுல நண்டும் தெரியணும், தராசு நம்பரும் தெரியணும், கொண்டுவந்தவர் முகமும் தெரியணும். முதல் போட்டோவுல நம்பர் மேல லைட் அடிச்சு வெள்ளையாப் போச்சு. ரெண்டாவதுல நம்பர் இருக்கு, தாத்தாவோட தல இல்ல. கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க தாத்தான்னேன். ராத்திரியெல்லாம் வல இழுத்த மனுசன், இடுப்பப் பிடிச்சுக்கிட்டுத் தராசுக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறாரு. எதுக்கு? ஒரு போட்டோவுக்கு.

அந்த போட்டோவ எட குரூப்புல போட்டாச்சு. அடுத்து பில் ஆப். தொறந்தா திரும்ப உள்நுழையச் சொல்லுது. ஓடிபி மேனேஜர் போனுக்குத்தான் போகும், அவர் அப்படித்தான் வெச்சிருக்காரு. 6.12க்கு அடிச்சேன், எடுக்கல. 6.14க்கு அடிச்சேன், எடுக்கல. 6.15க்கு மூணு குரூப்புல அவர்கிட்ட இருந்து தாமரப் பூவோட காலை வணக்கம் வருது. போன் கையிலதான் இருக்கு! மறுபடி அடிச்சேன். கட் பண்ணிட்டு "மெசேஜ் பண்ணு"ன்னு அனுப்புறாரு. பண்ணேன். 6.24க்கு வாய்ஸ் வருது, 41 செகண்ட். ஆப்ப ஏன் மூடுனே, ராத்திரி மூடாம வெய்யின்னு எத்தன தடவ சொல்றதுன்னு ஆரம்பிச்சு, அந்த ஆறு நம்பர் வர்றது முப்பது செகண்டுக்கு அப்புறம். அத அடிக்கிறதுக்குள்ள ஓடிபி காலாவதி. மறுபடி கேட்டு, மறுபடி வாங்கி, பில் வெளிய வந்தப்ப மணி 6.38.

கூடையத் தூக்கிட்டு கேட்டுக்குப் போறோம். வண்டி இல்ல.

தினம் 7.30க்கு வர்ற வண்டி இன்னிக்கு 6.30க்கே வந்து போயிடுச்சு. நேரம் மாத்துனத ராத்திரி 11.40க்குப் போட்டிருக்காங்க, அதுவும் ஐஸ் குரூப்புல. அதுக்குக் கீழ யாருக்கோ 63 பொறந்தநாள் வாழ்த்து. சரி, வந்த டிரைவர் ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமே? வண்டியில ஹாரன் எதுக்கு இருக்கு? அவரு கேட்டுல வண்டிய நிறுத்திட்டு, உள்ள உக்காந்துக்கிட்டே "கேட்ல நிக்கிறேன்"னு வண்டி குரூப்புல போட்டுட்டு, அஞ்சு நிமிசம் பாத்துட்டுக் கெளம்பிட்டாரு. அவருக்கும் எனக்கும் நடுவுல இருபதடி தூரம். ஒரு சொவரு. நான் அந்தப் பக்கம் ஓடிபிக்குக் காத்துக்கிட்டிருக்கேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாக்கூட கேட்டிருக்கும்.

அடுத்த வண்டி மதியம் 1.30க்கு. ஐஸ் போட்டு வெச்சோம். ஆனா நண்டு செத்து நேரமாச்சுன்னா சத தண்ணியா இளகிடும், இந்தக் கடற்கரையில பொறந்த எந்தப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். மதியம் திரும்ப எட போட்டப்ப 13 கிலோ 500. அதுலயும் பாதிய ரெண்டாந்தரம்னு தள்ளிட்டாங்க.

இதுல மேனேஜருக்கு ஒரு பைசா நட்டமில்ல. டிரைவருக்கு இல்ல. ஆப் வித்தவங்களுக்கு இல்ல. எனக்கும் இல்ல. எந்தக் குரூப்புலயும் இல்லாத மனுசன் தலையில மொத்தமும் விழுந்துச்சு. அவர்கிட்ட இருக்கிறது பட்டன் போன். கடல் தண்ணி படாம பிளாஸ்டிக் பையில சுத்தி, ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு மடியில சொருகியிருக்காரு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். "பரவால்ல தாயி, நீ என்ன செய்வ"ன்னுட்டுப் போயிட்டாரு. திட்டிட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

எங்க அண்ணன் விசைப்படகுல போறவரு. படகுல வி.எச்.எஃப்னு சொல்ற வயர்லெஸ் செட்டு இருக்கு. பட்டன அமுக்குனாத்தான் பேச முடியும், அமுக்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அடுத்தவன் பேசுறது கேக்காது. அதனால படகுல யாரும் வளவளன்னு பேசுறதில்ல. யாரு, எங்க, என்ன வேணும், அவ்வளவுதான், பட்டன விட்டுடுவாங்க. அதுல 16ஆம் சேனல் ஆபத்துக்கும், ஒருத்தர ஒருத்தர் கூப்பிடுறதுக்கும் உள்ளது. கூப்பிட்டு ஆள் கெடச்சதும் பேச்ச வேற சேனலுக்கு மாத்திக்கணும். ஏன்னா அந்த நேரத்துல எவனோ ஒருத்தன் உசுருக்குக் கத்திக்கிட்டு இருக்கலாம். இது கடல்ல போற அத்தன பேருக்கும் தெரியுது. கரையில ஏசியில உக்காந்திருக்கிறவருக்குத் தெரியல.

பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறாங்களே, அது எந்த ஆப்புல வருது? ஒண்ணாம் நம்பர்னா தூரத்துல, மூணுன்னா இங்கயே காத்து பலமா இருக்கும். கம்பத்துல ஒரே அடையாளம், ராத்திரின்னா வெளக்கு. பாத்தவன் பாக்காதவனுக்குச் சொல்லி சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். அந்தக் கூண்டுல கடைசி நம்பர் 11. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வானிலை மையத்தோட தகவல் தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். என் போன்ல இருக்கிற குரூப்பும் 11. இன்னிக்குக் காலைல எங்க கம்பெனியில நடந்ததும் அதேதான்.

எங்க பக்கம் வாரத்துல மூணு நாள் விசைப்படகு கடலுக்குப் போகும், நாலு நாள் நாட்டுப்படகு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். இத யாராவது தினம் குரூப்புல போட்டா தெரிஞ்சுக்கிறோம்? நேரம்னு ஒண்ண முடிவு பண்ணினா அதுல நிக்கணும். மாத்தித்தான் ஆகணும்னா, மாத்துறவர்தான் அடுத்தவன் காதுக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும். போட்டுட்டேன்கிறது வேற, சொல்லிட்டேன்கிறது வேற.

சாயங்காலம் மேனேஜர்கிட்ட நேர்லயே போய்ச் சொன்னேன். "இதெல்லாம் வந்தப்புறம் வேல எவ்வளவு வேகமா நடக்குது, யோசிச்சுப் பாரு"ன்னாரு. வேகமாத்தான் நடக்குது, யாரு இல்லைன்னா? 2008ல குளோரியா மார்க்னு கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தரும் அவங்க கூட்டாளிங்களும் இதத்தான் சோதிச்சுப் பாத்தாங்க. வேலைக்கு நடுநடுவுல தொந்தரவு பண்ணா, ஆளுங்க அத ஈடுகட்ட இன்னும் வேகமா வேல செய்றாங்க. கூடவே மன அழுத்தம் ஏறுது, எரிச்சல் ஏறுது, நேரம் பத்தலங்கிற பதட்டம் ஏறுது. இதப் படிச்சப்ப யாரோ என் மேசைக்குப் பின்னாடி நின்னு பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. அந்த வேகம் எங்க ஒடம்புல இருந்து எடுத்தது சார். பிரான்ஸ்ல 2017ல இருந்து, அம்பது பேரும் அதுக்கு மேலயும் உள்ள கம்பெனிங்க, வேல நேரம் முடிஞ்சப்புறம் மெசேஜ எட்ட வைக்கிற உரிமையப் பத்தி தொழிலாளிங்களோட பேசியாகணும்னு சட்டம். நான் சட்டமெல்லாம் கேக்கல. ராத்திரி 11.40க்கு எனக்கு வேல சொல்லாதீங்க, சொல்லியே ஆகணும்னா போன் அடிச்சு எழுப்பிச் சொல்லுங்க. ஓடிபிய தராசு மேசையில நிக்கிற ஆள் போனுக்கு மாத்துங்க. நெட்டு இல்லைன்னா நோட்டுல எழுதி நண்ட அனுப்பிடலாம், ஆப்புல பதினோரு மணிக்கு ஏத்திக்கலாம், அது ஒண்ணும் இளகிப்போகாது. நண்டு இளகிடும்.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. தலைய ஆட்டுனாரு. நான் வீட்டுக்கு பஸ் ஏறுறதுக்குள்ள போன் அதிருது. பன்னெண்டாவது குரூப். பேரு "ஆலோசனைகள்".

கெளம்புறதுக்கு முன்னாடி நானே ஒரு வேல பண்ணிட்டு வந்திருந்தேன். கேட்டுக்குப் பக்கத்துல சொவத்துல பழைய கரும்பலக ஒண்ணு கெடந்துச்சு. தொடச்சு, "நாளை வண்டி 6.30"ன்னு பெருசா எழுதி மாட்டிட்டேன். ஏழு மணிக்கு அந்தப் பலகைய யாரோ போட்டோ எடுத்து பன்னெண்டு குரூப்புலயும் போட்டிருக்காங்க. அதுக்குக் கீழ ஒருத்தர் கேக்குறாரு, "வண்டி எத்தன மணிக்கு?" பஸ்ல உக்காந்துக்கிட்டு சத்தமாச் சிரிச்சுட்டேன். பக்கத்துல இருந்த அக்கா நகந்து உக்காந்துட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த ஆப்புக்கு மாசாமாசம் பணம் கட்டுறாங்க. நண்டு உடைக்கிற அக்காமாருங்க போற கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. மூணு மாசமாச்சு. ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் வெளிய நின்னு கதவப் பிடிச்சுக்கணும். எத்தன தடவ நேர்ல கேட்டாச்சு. குரூப்புல போடச் சொன்னாங்க. போட்டேன்.