காரத்தால் அல்சர் வருவதில்லை, பாலால் அது ஆறுவதுமில்லை

"காரச் சால்னாவால்தான் அல்சர் வருகிறது, மாத்திரை வேண்டாம், மூன்று வேளையும் குளிர்ந்த பால் குடித்தால் புண் ஆறிவிடும்" என்றொரு செய்தி மதுரை விடுதி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இதன் இரு பகுதிகளும் தவறானவை.

இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. இதைக் கண்டறிந்ததற்காகவே ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மற்றொரு காரணம், மருத்துவரைக் கேளாமல் மருந்துக் கடையில் வாங்கி அடிக்கடி விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். காரம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டலாமே தவிர, புண்ணை உண்டாக்குவதில்லை.

பால் அமிலத்தைச் சிறிது நேரம் தணிப்பதால் இதமாக இருப்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பை மீண்டும் தூண்டிவிடுகின்றன. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு வயிற்று உப்புசமும் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு மோர் ஓரளவு எளிதாகச் செரிக்கும்.

உணவுமுறையால் குறையக்கூடியது பெரும்பாலும் நெஞ்செரிச்சலே. எண்ணெய் மிகுந்த பரோட்டாவை நள்ளிரவில் உண்டு உடனே படுத்தால், கொழுப்பினால் இரைப்பை மெதுவாகக் காலியாவதால், அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும். உண்பதற்கும் உறங்குவதற்கும் இடையே 2 அல்லது 3 மணி நேரம் வேண்டும். (இரவுக் கடைகள் நிறைந்த மதுரையில் இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம்.)

பாக்டீரியா இருப்பதை மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் அறியலாம். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள் மாத்திரைகளே. மலம் கருமையாகப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, அன்றே மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் செல்ல வேண்டும்.