சோலார் போடும் முன் யூனிட்டைப் பாருங்கள்

மதுரையில் திருப்பாலை, கே.கே.நகர் பக்கம் மொட்டைமாடிகளில் சோலார் பேனல்கள் பெருகிவிட்டன. "நாமளும் போட்டா மிச்சமாகுமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரெண்டு மாசத்துக்கு உங்க வீட்டில் எத்தனை யூனிட் ஓடுது? பலருக்குத் தெரிவதில்லை. எவ்வளவு ரூபாய் கட்டினோம் என்று மட்டும் சொல்வார்கள்.

விஷயமே அந்த யூனிட்டில்தான் இருக்கிறது. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி பார்த்தாலும் 400 வரைக்கும் யூனிட் விலை 4.80 ரூபாயைத் தாண்டாது. 500ஐத் தாண்டினால்தான் வினை. 501 முதல் 600 வரை 8.55, அதற்கு மேல் 800 வரை 9.65. கீழ்ப்படி யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலையும் அதோடு பறிபோவதால், 500ஆவது யூனிட்டுக்கும் 501ஆவது யூனிட்டுக்கும் நடுவில் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். சோலார் முதலில் குறைப்பது இந்த விலை கூடிய மேல் யூனிட்டுகளைத்தான்.

ரெண்டு ஏசி ஓடும் வீடு, 800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பில் 4,900 பக்கம் வரும். மூன்று கிலோவாட் சோலார் போட ஏறக்குறைய ரெண்டு லட்சம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் போக, கைக்காசு ஒன்றேகால் லட்சத்துக்குள். கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று போட்டால், ரெண்டு மாசத்தில் 700 யூனிட் தேறும். பகலில் நாம் செலவழித்தது போக மிச்சம் லைனுக்குப் போய்க் கணக்கில் கழிந்துவிடும். மீதி நிற்கும் நூறு யூனிட்டோ இலவசத்தில் அடங்கிவிடும். வருஷத்துக்கு 29,000 மிச்சம். நாலைந்து வருஷத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். இடையில், பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றித்தரும் சோலார் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டி வரும். அப்படியும் லாபம்தான்.

இதே கணக்கை 300 யூனிட் ஓடும் வீட்டுக்குப் போடுங்கள். பில்லே எழுநூறு சொச்சம். ஒரு கிலோவாட் போட்டு, 30,000 மானியம் போக நாற்பதாயிரம் இறக்கினால், வருஷத்துக்கு மிஞ்சுவது நாலாயிரம் சொச்சம். பத்து வருஷம் ஆகும். அந்த வீட்டுக்கு நான் சோலார் சொல்லவே மாட்டேன். 75 வாட் இழுக்கும் பழைய ஃபேன்களைத் தூக்கிவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டச் சொல்வேன்.

இன்னொன்று. நம் ஊரில் கீழே வீட்டுக்காரர், மாடியில் குடித்தனம், ஆளுக்கொரு மீட்டர் என்பது சகஜம். ரெண்டையும் கூட்டி 800 வருகிறதே என்று கணக்குப் போடக்கூடாது. சோலாரைச் சேர்ப்பது ஒரு மீட்டரில்தான். தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டுமே 500க்குள் நிற்கலாம்.

அப்புறம் இந்தக் கரண்ட் கட் விவகாரம். 2012 வாக்கில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது மதுரைக்காரர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும் என்று நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். ஓடாது. மானியத்தில் சாதாரணமாகப் போட்டுத் தருவது பேட்டரி இல்லாமல், லைன் கரண்ட்டோடு சேர்ந்தே ஓடும் ஆன்கிரிட். லைனில் கரண்ட் போன நொடியே அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் கரண்ட்டை நிறுத்தும்போது பாருங்கள் கூத்தை. மாடியில் வெயில் கொளுத்தும், பேனல் சும்மா கிடக்கும், கீழே நாம் விசிறியோடு உட்கார்ந்திருப்போம். விற்க வருகிறவர் "பில்லே வராது சார்" என்பதை நாலு தடவை சொல்வார். கரண்ட் போனால் சோலாரும் நிற்கும் என்பதை நாம் கேட்டால்தான் சொல்வார். கரண்ட் கட்டுக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் போட வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். கட்டுக்கு வீட்டில் இருக்கிற பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும், பில்லுக்கு ஆன்கிரிட் என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜெனரேட்டரோடு இதை ஒப்பிடவே தேவையில்லை. சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் தேறினால் பெரிது. லிட்டர் தொண்ணூறுக்கு மேல் விற்கிறது. எண்ணெய்க்கு மட்டுமே யூனிட் முப்பது ரூபாய். கல்யாண மண்டபத்துக்காரர் அதை வைத்திருப்பது மிச்சம் பிடிக்க இல்லை, ரிசப்ஷன் நடுவில் இருட்டிவிடக் கூடாது என்பதற்காக. ராத்திரி ஏழு மணிக்கு பேனலால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எல்லாம் ஒத்துவந்து போடுவதென்றால், கையெழுத்துப் போடுமுன் காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மாடியில் போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு வரிசையில் கோத்திருக்கும் மற்றவையும் மந்தமாகும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பு வெள்ளையாகப் படிந்து கண்ணாடியை மறைக்கும். விடிகாலையில் நல்ல தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் யூனிட் கொட்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. மாசி, பங்குனியில்தான் நன்றாக ஓடும்.