மூண்டு நாளில முழங்கால் நோ போனா சந்தேகப்படுங்க

அம்மாட முழங்காலுக்கு அம்மாவ விட வயசு கூட எண்டு வீட்டில பகிடி விடுறனாங்க. அவவுக்கு 67, குந்தினா எழும்பேலா, தேங்காய் திருவ இருந்தா ஆராவது கை குடுத்துத் தூக்கோணும். போன வருசம் அவட சிநேகிதி ஒராள் வட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறா, அதில வெள்ளைக் கோட் போட்ட ஒரு ஐயா நூறு வீதம் மூலிகை, பக்கவிளைவே இல்ல, வீக்கம், தலையிடி, நாரிப்பிடிப்பு எல்லாம் ஒரே குளிசையில போயிடும் எண்டு சொல்ல, அம்மா எனக்குத் தெரியாம ஓடர் பண்ணிட்டா. கூரியர் பெடியன் கேற்றடியில நிண்டு 4,800 ரூபா கேட்ட பிறகுதான் எனக்கு விசயமே தெரியும்.

போத்தல வாங்கிப் பாத்தன். பச்சை இலை ஒண்டு, பக்கத்தில எலும்புக் கால் ஒண்டு முழங்காலடியில சிவப்பா மின்னுது. செய்த இடம் இல்ல, பதிவு இலக்கம் இல்ல, காலாவதித் திகதி மட்டும் பிறகு ஒட்டின ஸ்டிக்கர்ல, அதுவும் சரிஞ்சுபோய். என்ன மூலிகை எண்டு பாத்தா மஞ்சள், இஞ்சி, குந்திரிக்கம், முதலியன. அந்த முதலியனவுக்குள்ளதான் சங்கதி இருந்திருக்கோணும் எண்டு இப்ப நினைக்கிறன்.

சண்டை பிடிச்சன். "மஞ்சளும் இஞ்சியும் நாம திண்டு வளந்ததுதானே பிள்ள, நீ சும்மா கதைக்காத" எண்டுட்டா. மூண்டாம் நாள் விடிய எழும்பிப் பாக்கிறன், அம்மா முத்தம் கூட்டுறா, குனிஞ்சு! அந்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயில் ஏத்தத்தில எனக்கு முன்னால நடந்து போறா, நான்தான் பின்னால மூச்சு வாங்கிக்கொண்டு போறன். உண்மையச் சொன்னா எனக்கும் வாய் அடைச்சுப் போச்சு, நான்தான் தேவையில்லாம படிச்ச திமிரில கத்தினன் போல எண்டு நினைச்சன்.

ஒண்டரை மாசத்தில அம்மாட முகம் நல்லா உருண்டு வந்திட்டு. சொந்தக்காரர் எல்லாம் அம்மா கொஞ்சம் தேறிட்டா எண்டு சந்தோசப்படுகினம். கிளினிக்கில சீனி பாத்தா 262, அதுவும் வெறும் வயித்தில, 130க்கு மேல ஏறாத மனுசி. டொக்டர் "அம்மா வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா" எண்டு கேக்க, இவ "ஐயோ ஒண்டுமில்ல டொக்டர்" எண்டு கோயில்ல சத்தியம் பண்ணுற மாதிரிச் சொல்லுறா. பொய் சொல்லோணும் எண்டில்ல, அவவுக்கு அது மருந்தே இல்ல, மூலிகை. நான் ஹேண்ட்பேக்குக்குள்ள இருந்து போத்தல எடுத்து மேசையில வச்சன். அம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே!

லாப்புக்கு அனுப்பாம அடிச்சுச் சொல்லேலா, ஆனா மூண்டு நாளில நோ போய், முகம் உருண்டு, சீனியும் ஏறினா நான் ஸ்டெரொயிட் எண்டுதான் நினைப்பன் எண்டார் டொக்டர். வீக்கத்தையும் நோவையும் கெதியா அமத்துற, ஆனா சீனியையும் ஏத்திவிடுற மருந்தாம் அது. நான் உடன "அப்ப இண்டைக்கே நிப்பாட்டுறம்" எண்டன். அவர் கையால மறிச்சார். வெளியால இருந்து ஸ்டெரொயிட் வந்துகொண்டிருந்தா சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி தன்ர வேலைய விட்டுட்டுப் படுத்திடுமாம், திடீரெண்டு நிப்பாட்டினா பிரஷர் விழுந்து ஆளே விழுந்திடுமாம். அதால அளவு தெரிஞ்ச மருந்து குடுத்து, கிழமைக்குக் கிழமை குறைச்சுத்தான் நிப்பாட்டினவர். இது எங்கட ஊர்க் கூத்து மட்டும் இல்ல. 2022இல அமெரிக்காட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆர்ட்ரி கிங் எண்ட பேரில மூட்டு நோவுக்கு வித்த குளிசையளச் சோதிச்சு, லேபிள்ல இல்லாத டெக்சாமெதசோனும் டைக்ளோஃபெனாக்கும் உள்ளுக்க கிடக்கு எண்டு எச்சரிச்சது. ஒண்டு ஸ்டெரொயிட், மத்தது டொக்டர் எழுதிக் குடுக்கிற நோக்குளிசை. மூலிகை எங்க?

உண்மையான மூலிகைக்கு இந்த அவசரம் கிடையாது. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் முழங்கால் தேய்மானத்துக்குக் கொஞ்சம் உதவும் எண்டு ஆய்வுகள் இருக்கு, ஆனா கிழமைக்கணக்கில எடுக்கோணும், கிடைக்கிறதும் ஓரளவு சுகம்தான். கறிக்குப் போடுறதுதானே எண்டு சொல்லுறாக்களுக்கு ஒரு கணக்கு: மஞ்சள் தூளில குர்குமின் மூண்டு வீதம் அளவுதான், அப்ப 500 மில்லிகிராம் குர்குமின் உள்ள ஒரு குளிசை எண்டா 17 கிராம் தூளுக்குக் கிட்ட. எந்த வீட்டில ஒராளுக்கு அவ்வளவு மஞ்சள் போட்டுச் சொதி வைக்கிறீங்க? (2020இல இறக்குமதி நிண்டு மஞ்சள் வித்த விலைக்கு நாங்க மஞ்சளே இல்லாமச் சொதி வச்சனாங்க, அது வேற கதை.) அதோட குர்குமின் லேசில ரத்தத்தில சேராது, அதால குளிசையில மிளகுச் சத்து, பிப்பரின், சேக்கிறாங்க. 1998இல வந்த ஒரு ஆய்வில 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பிப்பரின் குடுக்க, சேர்ற அளவு கிட்டத்தட்ட 20 மடங்கு கூடியிருக்கு. நல்லதுதானே எண்டுவீங்க. மிளகு திறக்கிற கதவால மஞ்சள் மட்டுமா உள்ளுக்க போகும், நீங்க குடிக்கிற மத்த மருந்துகள்ட அளவும் கூடலாம். மஞ்சள் குளிசையால ஈரல் பழுதான ஆக்கள் இத்தாலி, அமெரிக்கா, அவுஸ்திரேலியா எண்டு கன இடத்தில இருக்கினம். ரத்தம் கட்டியாகாம இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆக்கள் டொக்டரக் கேக்காம இதில கையே வைக்கப்படாது.

நானும் சுத்தமான ஆள் இல்ல. எனக்கு ஒத்தத் தலையிடி, வந்தா ரெண்டு நாள் லைட் போடேலா. ஐரோப்பாவில பட்டர்பர் எண்டொரு செடி, அதுட சாறு மைக்ரேனுக்கு நல்லம் எண்டு 2012இல அமெரிக்க நரம்பியல் அக்கடமியே பரிந்துரைச்சது எண்டு வாசிச்சு, லண்டன்ல இருக்கிற தங்கச்சியிட்ட அனுப்பச் சொல்லிட்டன். பிறகுதான் பாத்தா 2015இலயே அந்தப் பரிந்துரைய அவையளே திருப்பி எடுத்திட்டினம், ஈரலுக்குக் கூடாதெண்டு. மூண்டு வருசத்தில பெரிய டொக்டர்மாரே மாத்திப் பேச, வட்ஸ்அப் ஐயா மட்டும் ஒண்டையும் மாத்த மாட்டார். கடைசியா எனக்குப் பிடிபட்டது வேற. கலண்டர்ல பனடோல் (பரசிட்டமோல் குளிசை) போட்ட நாளுக்குப் புள்ளி வச்சன், ஒரு மாசத்தில 19 புள்ளி. மாசத்தில 15 நாளுக்கு மேல பனடோல் போட்டா அதே தலையிடிய உண்டாக்குமாம். பாதித் தலையிடிக்கு மருந்துதான் காரணம்!

இதை வாசிச்சிட்டு நான் நாட்டு மருந்துக்கு எதிரி எண்டு கொமெண்டில வராதீங்க. சித்த வைத்தியத்தை கிழக்குப் பல்கலைக்கழகத்திட எங்கட திருகோணமலை வளாகத்திலயே பட்டப்படிப்பாப் படிப்பிக்கிறாங்க. அம்மாவ இப்ப ஒரு சித்த வைத்தியரிட்டத்தான் காட்டுறம், அந்தப் பிள்ளை நாடி பிடிக்க முந்தி கிளினிக் கொப்பிய வாங்கி வரி வரியா வாசிச்சுது. எண்ணெயும் நொச்சி இலை ஒத்தணமும் சொல்லியிருக்கு. மாசத்தில ஒருக்கா கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்கும் கூட்டிக்கொண்டு போறன், ஏழு கிணத்திலயும் வாளியால அள்ளி ஊத்திட்டு வந்தா அண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுவா. நோ முழுக்கப் போகேல்ல. குனிஞ்சு கூட்டுறதும் இல்ல. அந்த ஒண்டரை மாசத்த நினைச்சு இடைக்கிட பெருமூச்சு விடுவா, "என்ன எண்டாலும் நடந்தன்தானே பிள்ள" எண்டு. அதுக்கு என்னட்டப் பதில் இல்ல.

போன கிழமை அந்தப் பேஜைத் தேடிப் பாத்தன். பேர் மாத்திட்டாங்க. அதே வெள்ளைக் கோட் ஐயா, அதே பச்சை இலை, இப்ப சீனி வருத்தத்துக்கு விக்கிறார்.