ஃபார்மரின் இரண்டு வேலைகளும் ஒரே வேலைதான்

ஆங்கில அகராதிக்கலையின் வரலாற்றைப் பேசுகிறவர்கள், ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரேயைச் சொல்லாமல் நகர்வதில்லை. அதே ஆண்டுகளில், லண்டனில், பல்கலைக்கழகத்தின் பின்பலமோ சம்பளம் வாங்கும் உதவியாசிரியர் குழுவோ இல்லாமல், ஏழு தொகுதிகளில் ஆங்கிலக் கொச்சை வழக்கின் வரலாற்று அகராதி ஒன்றைக் கொண்டுவந்த ஜான் ஸ்டீஃபன் ஃபார்மரோ (1854–1916), "ஃபார்மர் அண்டு ஹென்லி" என்ற இரட்டைப் பெயரின் முன்பாதியாக அடிக்குறிப்புகளில் மட்டும் தங்கிவிட்டார். அவரைக் குறிப்பிடுகிற சிலரும், முதலில் கெட்ட வார்த்தைகளுக்கு அகராதி தொகுத்தார், பிறகு அதைக் கைவிட்டுப் பழைய நாடகங்களைப் பதிப்பித்தார் என்று, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வாழ்க்கைகளாக அவரைப் பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிப்பு தவறு என்பதே என் கருத்து. ஒரு மொழியின் வரலாற்றுக்குச் சான்றாக இருப்பதை, அது கண்ணியமானதா இல்லையா என்று பார்த்து வடிகட்டக் கூடாது என்ற ஒரே நம்பிக்கைதான் அவருடைய அகராதியையும் நாடகப் பதிப்புகளையும் நடத்தியது.

அகராதியிலிருந்து தொடங்குகிறேன். "ஸ்லாங் அண்ட் இட்ஸ் அனலாக்ஸ்" என்ற அந்த நூலின் முதல் தொகுதி 1890-லும் ஏழாவது தொகுதி 1904-லும் வெளிவந்தன. முதல் தொகுதி ஃபார்மர் பெயரில் மட்டுமே வந்தது. இரண்டாவதிலிருந்து கவிஞரும் பத்திரிகையாசிரியருமான வில்லியம் எர்னஸ்ட் ஹென்லியின் பெயரும் சேர்ந்தது. சமூகத்தின் எல்லா வகுப்பாரும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவந்த, மரபுக்கு அடங்காத பேச்சைத் தொகுப்பதாகத் தலைப்புப் பக்கமே அறிவிக்கிறது. "எல்லா வகுப்பாரும்" என்ற சொற்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதற்கு முன் வந்த தொகுப்புகளில் பல, 16-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹார்மன் எழுதியது முதலாக, திருடர்களும் பிச்சைக்காரர்களும் தமக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறியை நல்ல குடிமக்களுக்கு எச்சரிக்கையாகக் காட்டும் நோக்கம் கொண்டவை. 1785-ல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்தது இன்னும் பரந்தது, சுவையானது; ஆனால் அவர் ஒரு சொல்லுக்கு விளக்கமும் வேடிக்கையும் தருவாரே தவிர, அந்தச் சொல் எப்போது, எங்கே, யாருடைய எழுத்தில் தோன்றியது என்று முறையாக நிறுவ முயலவில்லை.

ஃபார்மர் செய்தது அதைத்தான். ஒரு சொல், அதன் பொருள்கள், ஆங்கிலத்தில் அதற்கு இணையான பிற கொச்சைச் சொற்கள், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளின் தெருப்பேச்சில் அதற்கு ஈடானவை, பிறகு ஆண்டுவாரியாக அடுக்கப்பட்ட மேற்கோள்கள் என்று பதிவுகள் விரிகின்றன. வரலாற்று நெறிப்படி அகராதி தொகுப்பது என்று ஆக்ஸ்ஃபர்டு அகராதி 1884-ல் தன் முதல் பகுதியை வெளியிட்டபோது பெருமையாக அறிவித்த அதே முறையை, அந்த அகராதியே கைவைக்கத் தயங்கிய சொற்களுக்கும் இவர் பயன்படுத்தினார். சந்தைக் கூச்சலுக்கும் சிறைச்சாலைப் பேச்சுக்கும் தேதியிட்ட சான்று கேட்பது அன்று எவ்வளவு புதிய எண்ணம் என்பதை இன்று நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் தொகுதியில்தான் சிக்கல் வந்தது. உடலுறுப்பையும் புணர்ச்சியையும் நேரடியாகக் குறிக்கும் இடக்கர்ச் சொற்களை அச்சிட முடியாது என்று அச்சகத்தார் மறுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை மீறியதாக ஃபார்மர் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார், தோற்றார். அச்சகத்தாரை இகழ்ந்து பேச எனக்கு மனமில்லை. 1857-ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. தீய தூண்டுதலுக்கு ஆட்படக்கூடிய மனங்களைக் கெடுக்கும் போக்கு ஒரு நூலில் இருந்தாலே அது ஆபாசம் என்று 1868-ல் நீதிமன்றம் வகுத்த அளவுகோல், ஆராய்ச்சிக்கும் கேளிக்கைக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. எமில் ஸோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட முதியவர் ஹென்றி விசெட்டெல்லி, வழக்குக்குச் சற்று முன்புதான், 1889-ல், மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றிருந்தார். அச்சகத்தாரின் பயம் உண்மையான பயம்.

ஆனால் ஃபார்மர் பின்வாங்கவில்லை என்பதுதான் நாம் நினைவில் வைக்க வேண்டியது. இரண்டாம் தொகுதி 1891-ல் வந்தது, அந்தச் சொற்களோடு வந்தது. சந்தாதாரர்களுக்கு மட்டும் என்ற குறிப்போடு அச்சிட்டு, நூலைப் பொதுச் சந்தையிலிருந்து விலக்கி வைத்தாரே தவிர, உள்ளடக்கத்தில் ஒரு பதிவைக்கூட அச்சத்துக்காக விலையாகக் கொடுக்கவில்லை. 1928-ல் நிறைவு பெற்ற ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் முதல் பதிப்பில் ஆங்கிலத்தின் மிகப் பரவலான அந்த இரண்டு வசைச் சொற்களும் கிடையாது. 1972-ல் வந்த துணைத் தொகுதியில்தான் அவை நுழைந்தன. ஃபார்மரின் இரண்டாம் தொகுதிக்கும் அதற்கும் இடையே எண்பது ஆண்டுகள். அதே ஆக்ஸ்ஃபர்டு அகராதி, வேறு பல சொற்களுக்கு ஃபார்மரின் கொச்சை அகராதியையே சான்றாகக் காட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டு, அவருடைய துணிவை மட்டும் விட்டுவிட்டார்கள். மரே மாபெரும் அறிஞர், அவருக்கும் சட்டமும் பதிப்பகமும் எல்லை வகுத்திருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் வரலாற்று நெறியை முழுமையாக நிறைவேற்றியவர் யார் என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் என் பதில் ஃபார்மர்தான்.

இனி நாடகங்கள். அகராதியின் மேற்கோள்களைப் புரட்டினால் அவர் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது விளங்கிவிடும். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத நூற்றாண்டுகளில் தெருவின் பேச்சு எங்கே எழுத்தில் தங்கும்? சட்டத்திலும் சமய உரையிலும் தங்காது. மேடையில்தான் தங்கும்; ஏனென்றால் கூலியாளையும் தரகரையும் விலைமகளையும் பேச வைத்தாக வேண்டிய கட்டாயம் நாடகாசிரியருக்குத்தான் உண்டு. டெக்கரும் மிடில்டனும் சேர்ந்து எழுதி 1611-ல் அச்சான "த ரோரிங் கேர்ள்" நாடகத்தில் பாத்திரங்கள் திருடர் குழூஉக்குறியிலேயே பேசிப் பாடுகின்றன. அந்தப் பாட்டை ஃபார்மர் 1896-ல் "மூசா பெடஸ்ட்ரிஸ்" என்ற தம் தொகுப்பில் சேர்த்தார். மூன்று நூற்றாண்டுக் கொச்சைப் பாடல்களைத் திரட்டிய அந்தத் தொகுப்பு, அகராதியிலிருந்து நாடகத்துக்குப் போகும் வழியில் கட்டப்பட்ட பாலமாகவே எனக்குத் தெரிகிறது.

1905 முதல் அவர் ஷேக்ஸ்பியருக்கு முற்பட்ட நாடகங்களை வரிசையாகப் பதிப்பிக்கத் தொடங்கினார். "கேமர் கர்ட்டன்ஸ் நீடில்" என்ற நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் நடிக்கப்பட்டு 1575-ல் அச்சான அந்த நாடகத்தில், காணாமல் போன ஒரு தையல் ஊசிக்காக ஊரே அடித்துக்கொள்கிறது. கடைசியில் வேலைக்காரன் ஹாட்ஜின் கால்சட்டைப் பின்புறத்தில் அது குத்தும்போதுதான் இருக்குமிடம் தெரிகிறது. பட்டிக்காட்டு வசவுகளின் களஞ்சியம் அது. "மேன்கைண்ட்" இன்னும் பழையது, 15-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைச் சேர்ந்தது. கருணையைப் போதிக்கும் சமய நாடகம் என்று பெயர். ஆனால் அதில் வரும் மூன்று போக்கிரிகள் பார்வையாளர்களையும் கூடப் பாடவைத்து மலத்தைப் பற்றிய ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். பூதம் மேடைக்கு வர வேண்டுமானால் காசு போடுங்கள் என்று கூட்டத்தில் வசூலும் செய்கிறார்கள். ஆங்கில நாடகத்தில் பார்வையாளரிடம் பணம் திரட்டியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அந்தக் காட்சி. பக்தியும் அசிங்கமும் ஒரே மேடையில், ஒரே மொழியில் நின்றன என்று இந்த நாடகம் சொல்கிறது. அகராதியின் ஏழு தொகுதிகளும் சொல்வது வேறென்ன?

1906-ல் அயர்லாந்தில் ஒரு வீட்டிலிருந்து வெளிப்பட்ட பழைய நாடகப் பிரதிகள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டவையும் அவற்றில் இருந்தன. அடுத்த ஆண்டே அவற்றில் சிலவற்றைக் கொண்ட தொகுதியை ஃபார்மர் வெளியிட்டார். அந்த வேகம் பிழைகளுக்கும் இடம் கொடுத்திருக்கும், ஐயமில்லை. 1906-ல் தொடங்கிய மலோன் சங்கம், டபிள்யூ. டபிள்யூ. கிரெக்கின் தலைமையில், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பதிப்புகளைக் கொண்டுவந்தபோது, பதிப்பியலின் தரம் ஃபார்மரைக் கடந்து சென்றுவிட்டது. அவருடைய நாடகத் தொகுதிகள் பலவும் எழுத்துக்கூட்டலை நவீனப்படுத்தியவை; மொழி ஆய்வாளருக்கு அது இழப்பு.

ஆனால் 1907 முதல் 1914 வரை அவர் வெளியிட்ட "டியூடர் ஃபேக்சிமிலி டெக்ஸ்ட்ஸ்" வரிசையை யாரும் அப்படிக் குறைத்துவிட முடியாது. பழைய அச்சுப் பிரதிகளையும் கையெழுத்துப் படிகளையும் ஒளிப்பட முறையில் அப்படியே நகலெடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அவர் வெளியிட்டார். நிக்கலஸ் யூடலின் "ரால்ஃப் ராய்ஸ்டர் டாய்ஸ்டர்" நாடகத்துக்கு உலகில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி, அது ஈட்டன் கல்லூரியில் இருக்கிறது. இத்தகைய நாடகங்களைப் பார்க்க அனுமதிக் கடிதமும் பயணச் செலவும் தேவைப்பட்ட காலத்தில், தொலைதூர நூலகத்தின் வாசகர் ஒருவர் பதிப்பாசிரியரின் குறுக்கீடு இல்லாமல் அந்தப் பக்கத்தையே பார்க்க முடிந்தது. சொல்லை வெட்டாமல் கொடுத்தவர், பிறகு பக்கத்தையும் திருத்தாமல் கொடுத்தார்.

அவரைப் புனிதராக்க நான் எழுதவில்லை. இளமையில் ஆவியுலகக் கொள்கையில் தோய்ந்து, வில்லியம் எக்லிண்டன் என்ற ஆவித் தொடர்பாளரின் வாழ்க்கையை நம்பிக்கையோடு எழுதி 1886-ல் வெளியிட்டவர் அவர். அந்தப் பக்கங்களில் சான்று கேட்கும் மனம் உறங்கிப்போயிருக்கிறது. இதைவிடக் கனமான குறை அகராதிக்குள்ளேயே இருக்கிறது. நான்காம் தொகுதியில் பெண்ணுறுப்புக்கான இணைச்சொற்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் புனைந்தவை, ஆண்கள் எழுதிவைத்தவை, ஏளனமும் வன்மமும் ஊறியவை. தெருவில் போய்க் கேட்டுக் குறித்தவை குறைவு, நூல்களிலிருந்து எடுத்தவையே மிகுதி என்பதால், அந்தச் சொற்களைப் பேசிய ஏழைகளின் குரலும், குறிப்பாகப் பெண்களின் குரலும், எழுதத் தெரிந்த ஆண்களின் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. ஆயினும் அந்தப் பட்டியல் அழிக்கப்பட்டிருந்தால் அந்த வன்மத்துக்கு ஆவணமே இருந்திருக்காது. பெண்வெறுப்பின் மொழியை இன்று ஆராய்கிறவருக்கு அந்தப் பக்கங்கள் நீக்கமுடியாத சாட்சியம்.

ஹென்லி 1903-ல் இறந்தார். ரோடன் வடித்த அவருடைய மார்பளவுச் சிலை லண்டன் புனித பவுல் பேராலயத்தின் நிலவறையில் இருக்கிறது. அவருடைய கவிதைக்கு அது தகும். 1937-ல் வந்த எரிக் பார்ட்ரிட்ஜின் புகழ்பெற்ற கொச்சை அகராதி ஃபார்மரும் ஹென்லியும் போட்ட அடித்தளத்தின் மீது எழுந்தது. 2010-ல் மூன்று தொகுதிகளாக வந்த ஜொனதன் கிரீனின் அகராதியும் அந்த மரபின் தொடர்ச்சியே. இந்த மரபைக் குறிப்பிடும்போது ஃபார்மரின் பெயரை அவருக்குரிய இடத்தில், முழுப் பெயராக, முதலில் எழுத வேண்டும் என்று கேட்கிறேன். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் நண்பர்கள், டியூடர் நாடகத்துக்கான பாடத்தில் அவருடைய ஒளிப்பட நகல்களில் ஒன்றையாவது மாணவர்களுக்குக் காட்டட்டும். ஏழு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வழக்குக்கு உள்ளான இரண்டாம் தொகுதியிலிருந்து தொடங்குவது நல்லது.