கோட்டைக்குள் ரூம் போடாதீர்கள்

நவம்பர் நெருங்கினால் போதும், சேலத்து நண்பர்களில் யாராவது போன் போட்டுவிடுவார்கள். "ஜெய்சல்மேர் போகலாம்னு இருக்கோம், நீதான் அங்கே இருந்தவனாச்சே, எங்கே தங்கலாம், ஒட்டகச் சவாரிக்கு எவ்வளவு கேட்பான்?" இந்த வருடம் இதுவரை மூன்று பேர். அதில் ஒருவர், அஸ்தம்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கேயே போய் ஹோம்ஸ்டே நடத்தலாமா என்று யோசிக்கிறாராம். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காற்றாலைக் கம்பெனி வேலைக்காக இரண்டரை வருடம் ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரில் இருந்தேன். பிறந்து வளர்ந்தது ஏற்காடு. ஊரார் வேடிக்கை பார்க்க வருகிற ஊரில் ரேஷன் வாங்கி, துணி துவைத்து, காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துக் குடியிருப்பது எப்படி என்று கேட்டால் என்னால் இரண்டு ஊரை வைத்துப் பதில் சொல்ல முடியும்.

முதலில் மணல். போட்டோவில் பார்க்கிற மணல்மேடு ஊருக்குள் கிடையாது. ஊர் நிற்பது பாறை மேல், சுற்றிலும் கல்லும் முட்செடியும்தான். மணலுக்கு 40 கிலோமீட்டர் தள்ளி சாம் என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே வரிசையாகக் கூடாரங்கள், ஜீப், ஸ்பீக்கர். பாலைவனத்து அமைதியைத் தேடி இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து போனவர்கள் குத்துப்பாட்டு கேட்டுவிட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் வேண்டாம் என்றால் கூரி என்ற கிராமத்துப் பக்கம் போங்கள்.

ஆனால் ஜெய்சல்மேர் கோட்டையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 1156இல் ராவல் ஜெய்சல் என்ற மன்னர் கட்டத் தொடங்கியது, 99 கொத்தளங்கள், மஞ்சள் கல். சாயங்காலம் வெயில் சாயும்போது அந்தக் கல் காய்ச்சின வெல்லப்பாகு நிறத்துக்கு வரும், நான் வேலை முடிந்து பைக்கில் வரும்போது எத்தனையோ நாள் ஓரமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்: சந்து, மாடு, மளிகைக்கடை, ஜைனக் கோயில் எல்லாம் இருக்கின்றன. கூடவே ஹோட்டல்களும்.

அந்த ஹோட்டல்களைப் பற்றித்தான் பேச வேண்டும். கோட்டை கட்டியவர்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து செலவழிப்பவர்களை நினைத்துக் கட்டினார்கள். தண்ணீர் வந்தது கீழே இருக்கிற கடிசர் ஏரியிலிருந்து, அதுவும் மழைத்தண்ணீர் சேர்ந்தால்தான் உண்டு. பிறகு குழாய் வந்தது, ஹோட்டல் வந்தது, ரூமுக்கு ரூம் ஷவரும் ஃபிளஷ்ஷும் வந்தன. கோட்டை உட்கார்ந்திருக்கிற குன்றில் கல்லோடு களிமண்ணும் கலந்திருக்கிறது. ஒழுகின தண்ணீர் எல்லாம் அதில் இறங்கி, அடிமண் இளகி, கொத்தளங்கள் சரிய ஆரம்பித்தன. வேர்ல்டு மான்யுமென்ட்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு, அழியும் ஆபத்தில் உள்ள உலக நினைவுச் சின்னங்கள் என்று போடுகிற பட்டியலில் 1996இலேயே இந்தக் கோட்டையைச் சேர்த்துவிட்டார்கள். 2013இல் யுனெஸ்கோவும் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 2024 ஆகஸ்ட் மழையில் சுவரில் ஒரு பகுதி மறுபடியும் சரிந்தது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊரில், எத்தனையோ படைகளைப் பார்த்த சுவரைக் குளியலறைத் தண்ணீர் சாய்க்கிறது! அதனால் சொல்கிறேன், கோட்டையைப் பகலில் சுற்றிப் பாருங்கள், ரூம் கீழே ஊருக்குள் போடுங்கள். மாடியிலிருந்து கோட்டை முழுசாகத் தெரியும், உள்ளே இருந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்.

நான் குடியிருந்தது கீழே, ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில். மாஜி என்றுதான் கூப்பிடுவேன். கோட்டைக்குள் இருந்த வீட்டை விட்டுவிட்டு இறங்கி வந்த குடும்பம். தட்டை முதலில் மணல் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுவார், அந்தத் தண்ணீரும் அப்புறம் ஆட்டுக்குப் போகும். வன்னிமரம் நமக்குக் கோயிலில் சுற்றுகிற மரம், அவர்களுக்கு அதன் காய்தான் பொரியல். சாங்கிரி என்பார்கள். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சி மாஜி ஒரு கிண்ணம் கொடுத்தபோது எனக்கு நாக்கில் எங்கள் பாட்டி வந்துவிட்டாள்.

ஒரு மே மாதம். வெளியே 46 டிகிரி, கேம்ப் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, ஆந்தி என்கிற புழுதிக்காற்று அடித்துத் தயிர்சாதத்தில் மணல். அம்மா ஏற்காட்டிலிருந்து போன், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "லாரித்தண்ணி ரெண்டு நாளா வரலைடா, சீசன் இல்லையா, எல்லாம் காட்டேஜுக்கே போயிடுது." அம்மா என்ன சொல்கிறார் என்று மாஜி கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"ஏன் பேட்டா, உங்க ஊர்ல மழையே பெய்யாதா?"

"நிறையப் பெய்யும் மாஜி. இங்கே ஏழெட்டு வருஷம் பெய்யிறது அங்கே ஒரே வருஷத்துல பெய்யும்."

என் இந்திதான் தப்பு என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கடீன் என்று ஒன்று உண்டு. பாலிவால் பிராமணர்கள் காலத்து ஏற்பாடு. பாறைச் சரிவில் ஓடி வருகிற மழைத்தண்ணீரை அடியில் மண்கரை போட்டு மடக்குவார்கள். நம் ஏரி போலத்தான், ஆனால் மதகு திறந்து வெளியே பாய்ச்சுவதில்லை. தண்ணீர் மண்ணுக்குள் ஊறி வற்றினதும் ஏரிக்குள்ளேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்துவிடுவார்கள், அந்த ஈரத்திலேயே விளைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு எங்கள் மலைக்குத் திரும்பினால், மழைக்காலத்தில் சாக்கடை வழியாகத் தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போவதைப் பார்க்க எரிச்சலாக வருகிறது. போதாததற்கு எங்கள் தெருவில் ஒருவர் காட்டேஜ் கட்டி, ஆழமாக போர் போட்டார், அடுத்த கோடையில் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டியது. பேர் சொல்லப் போவதில்லை. அவரும் இப்போது லாரிக்காகத்தான் நிற்கிறார்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். ஜெய்சல்மேருக்குக் கூட்டம் வருவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மழை முடிந்த பிறகு. கோடையில் ஊர் மூச்சு விடும். எங்களுக்கு நேர்மாறு. ஊற்றெல்லாம் வற்றிப்போகிற ஏப்ரல், மே மாதத்தில்தான் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் நிற்கும், கோடை விழா நடக்கும், கிளியூர் அருவியில் தண்ணீர் இல்லையே என்று எங்களிடமே சண்டைக்கு வருவார்கள். ஏரி நிரம்பி வழிந்தால்தானே அங்கே அருவி? ஐப்பசியில் வாங்க, பனி மூட்டத்தில் காபிப் பழம் சிவக்க ஆரம்பித்திருக்கும், மிளகாய் பஜ்ஜி அப்போதும் உண்டு என்றால் யாரும் கேட்பதில்லை, "குளிருமே" என்கிறார்கள். குளிருக்குத்தானே ஐயா மலைக்கு வருவது.

சரி, அஸ்தம்பட்டி நண்பருக்கு. பத்து நாள் போய் இருங்கள், மனசு நிறையும். வருஷம் முழுக்க என்றால் ஒரு மே மாதத்தை அங்கே கழித்துவிட்டு முடிவெடுங்கள். பார்க்க வந்தவர்களுக்குத்தான் அந்த ஊர் தங்கம். அங்கே பொழைக்கிறவனுக்கு ஆறு மாதம் வருமானம், ஆறு மாதம் புழுதி.

ஒட்டகச் சவாரிக்கு எவ்வளவு என்று கேட்டவரே, வேறு யாரையாவது கேளுங்கள். இரண்டரை வருடத்தில் நான் ஒரு தடவை கூட ஏறவில்லை. ஏற்காடு ஏரியில் படகில் ஏறியதும் ஒரே ஒரு முறைதான், அதுவும் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா டிக்கெட் எடுத்ததால்.