முதலில் பிள்ளையைப் பார்க்க விடுங்க, கோர்ட்டு எந்த ஊர் என்பதை அப்புறம் பேசலாம்

கடலூரில் கோர்ட்டுப் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் கிடையாது. ஆனால் வக்கீல்கள் எழுதிக் கொடுக்கும் மனுக்களை வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருப்பதால், குழந்தை அப்பாவிடமா அம்மாவிடமா என்கிற ஜி.டபிள்யூ.ஓ.பி. என்னும் காப்பாளர் மனுக் கட்டுகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படாமல் போகாது. அதிலும் புருஷன் ஒரு மாநிலம், பெண்டாட்டி ஒரு மாநிலம் என்று ஆகிவிட்டால் ரொம்ப நாளைக்குக் குழந்தையைப் பற்றிய பேச்சே கிடையாது, வழக்கை எந்த ஊரில் நடத்துவது என்பதில்தான் மொத்தச் சண்டையும். இது தலைகீழ் என்பது என் அபிப்பிராயம். பிள்ளையை இரண்டு பேரும் பார்க்கவும் பேசவும் ஒரு இடைக்கால ஏற்பாட்டை முதல் வாய்தாவிலேயே போட்டுவிட்டு, ஊர்ச் சண்டையை அதற்கப்புறம் சாவகாசமாக வைத்துக்கொள்ளட்டும்.

ஊருக்கு ஏன் இவ்வளவு அடிதடி என்றால், இன்றைக்கும் நாம் பிடித்துக்கொண்டிருப்பது 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் என்கிற காப்பாளர் சட்டம். அதில் 9-ஆம் பிரிவு, மைனர் பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இடம் எதுவோ அந்த இடத்துக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது. அப்பா எங்கே வேலை பார்க்கிறார், அம்மாவின் பிறந்த வீடு எது என்பது கணக்கில் வராது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை மாசம் இருந்தால் சாதாரணமாக வசிப்பது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. 2011-இல் ருச்சி மஜூ வழக்கில் உச்ச நீதிமன்றம், அது அந்தந்த வழக்கின் சங்கதிகளைப் பார்த்து முடிவு பண்ண வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டது. சங்கதியைப் பார்த்துத்தான் முடிவு என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சங்கதியைத் தயார் பண்ண ஆரம்பிப்பார்கள்.

அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்கு பெங்களூரில் வேலை, அம்மா வீடு இங்கே கடலூர் முதுநகர் பக்கம். சண்டை முற்றிய ஒரு ராத்திரி அம்மா பிள்ளையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அந்த வாரமே குழந்தையின் ஆதாரில் விலாசம் மாற்ற விண்ணப்பம், பக்கத்துப் பள்ளியில் சேர்க்கை, ஒரு டாக்டர் சீட்டு, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் என் கடையில்தான். அங்கே அப்பாவும் சும்மா இல்லை, பள்ளியில் போய் என் கையெழுத்து இல்லாமல் டி.சி. கொடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெங்களூர் குடும்ப நீதிமன்றத்தில் மனுவும் போட்டுவிட்டார். அம்மா இங்கே ஒரு மனு. இரண்டு மனுவிலும் பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இடம் இதுதான் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார்கள், அதே பிள்ளைதான், ஒரே வகுப்புதான், ஊர்தான் வேறே.

தூக்கிக்கொண்டு போன இடம் சாதாரண வசிப்பிடம் ஆகிவிடாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வைப்பதற்குள் பிள்ளை புது ஊரில் ஒரு வகுப்பு தாண்டியிருக்கும், அப்புறம் பழகின இடத்திலிருந்து பிடுங்க வேண்டாம் என்று அதுவே ஒரு காரணமாகிவிடும். முதலில் தூக்கியவருக்கே லாபம் என்றால் எல்லோரும் தூக்கத்தான் பார்ப்பார்கள்.

இப்படி இரண்டு மாநிலத்தில் வழக்கு ஓடும்போது ஒன்றை இன்னொரு ஊருக்கு மாற்ற வேண்டுமானால் சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். டெல்லியில் ஒரு வக்கீல், அவருக்கு ஃபீஸ், இங்கிருந்து மொழிபெயர்த்து அனுப்பும் காகிதம். முதுநகர்க்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் நடுவில் இருப்பது 300 கிலோமீட்டர் சொச்சம், தீர்ப்பு கேட்க இரண்டு பேரும் டெல்லியைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் நம்ம பக்கம் ஒரு அதிர்ஷ்டம், கடலூரும் புதுச்சேரியும் வேறு வேறு நிர்வாகமாக இருந்தாலும் இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான் மேலே. அதனால் பாண்டியில் ஓடும் வழக்கைக் கடலூருக்கோ கடலூர் வழக்கைப் பாண்டிக்கோ மாற்ற 24-ஆம் பிரிவில் சென்னையிலேயே மனு போட்டுவிடலாம். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் வேற ஸ்டேட் என்று பயந்து, இதற்கும் டெல்லி போகணுமா என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருபவர்கள் உண்டு, வேண்டாம். (கேரளாவுக்குள் இருக்கும் புதுச்சேரிப் பகுதியான மாஹேவும் சென்னைக்குக் கீழேதான், ஆனால் அதை ஒட்டியிருக்கும் தலச்சேரி கேரள உயர் நீதிமன்றத்துக்குக் கீழே. அங்கே பத்து நிமிஷ தூரத்துக்கு டெல்லி.)

அமெரிக்காவிலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடும்பச் சட்டம் தனித்தனி. அங்கேயும் ஒரு காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனக்கு வசதியான மாநிலத்தில் போய் ஆர்டர் வாங்குவது நடந்துகொண்டுதான் இருந்தது. 1997-இல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள், இன்றைக்கு மாசசூசெட்ஸ் தவிர மீதி 49 மாநிலங்களும் ஏற்றிருக்கின்றன. வழக்கு போடுவதற்கு முன்னால் பிள்ளை தொடர்ச்சியாக 6 மாசம் எந்த மாநிலத்தில் பெற்றோரோடு இருந்ததோ அதுதான் அதன் சொந்த மாநிலம், வழக்கு அங்கே. நேற்று ராத்திரி தூக்கி வந்தால் இன்றைக்குச் சொந்த ஊர் ஆகாது. அடி, மிரட்டல் என்று ஓடி வந்திருந்தால் வந்து சேர்ந்த மாநிலத்து நீதிமன்றமே அவசரத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு போடலாம் என்று அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நமக்கு இந்த 6 மாசம் மாதிரி ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் பாதி வழக்கு என் கடைக்கே வராது. என் பிழைப்பு கெட்டாலும் பரவாயில்லை.

அந்த அவசர வழியை நான் சும்மா சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கியவர்கள் என்று பொதுவாகச் சொன்னால், அடி தாங்காமல் மாற்றுத்துணி கூட இல்லாமல் வந்த பெண்ணும் அதில் சேர்ந்துவிடுவார். அவரை முதலில் பெங்களூர் போய்ப் பிள்ளையை விட்டுவிட்டு வா என்று சொல்வது அநியாயம். வாட்ஸ்அப்பில் கோர்ட்டெல்லாம் பெண்கள் பக்கம்தான் என்று ஃபார்வர்ட் பண்ணும் அண்ணன்மார்கள் 1956-ஆம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டத்தை ஒரு தடவை படிக்கட்டும். அதில் இன்றைக்கும் இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகுதான் அம்மா என்றுதான் இருக்கிறது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் "பிறகு" என்பதற்கு அப்பா இறந்த பிறகு என்று மட்டும் அர்த்தம் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத போதும்தான் என்று விளக்கம் கொடுத்து ஓரளவு சரி பண்ணியது. அம்மாவுக்குச் சட்டம் நேராகக் கொடுத்திருப்பது 5 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்பது. அதற்கு மேலே பிள்ளையின் நலன் ஒன்றுதான் அளவு.

சரி, இடைக்கால ஏற்பாடு. 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே இடைக்கால உத்தரவு போட அதிகாரம் இருக்கிறது, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பெற்றோர் வேறு வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால், நேரில் பார்ப்பதோடு சேர்த்துத் தினமும் ஒரு 5, 10 நிமிஷமாவது பிள்ளையோடு பேச வழி பண்ண வேண்டும், வீடியோ கால் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல தீர்ப்பு. ஆனால் நடப்பது என்ன? ராத்திரி ஏழரைக்கு வீடியோ கால் என்று உத்தரவு இருக்கும், போன் சுவிட்ச் ஆஃப். எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டு, கேமராவுக்குப் பின்னால் ஆயா (பாட்டி) நின்றுகொண்டு, "சாப்பிட்டேன்னு சொல்லு, வரமாட்டேன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுக்கும், பிள்ளை ஒரு கண்ணைப் போனிலும் ஒரு கண்ணை ஆயா மேலும் வைத்துக்கொண்டு ம், ம் என்னும். இதை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்தார், அடித்தேன். அடுத்த வாரம் எதிர்த்தரப்பு பதில் மனுவில் நெட்வொர்க் பிரச்சனை என்று வந்தது, அதையும் நான்தான் அடித்தேன்.

நேரில் பார்ப்பது இன்னும் கஷ்டம். ஒரு அப்பா மாசத்துக்கு ஒரு தடவை ராத்திரி பஸ்ஸில் பெங்களூரிலிருந்து வருவார். காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நிற்பார், பென் டிரைவில் கன்னட எழுத்துப் பயிற்சித் தாள்களைக் கொண்டுவந்து கலர் பிரிண்ட் எடுப்பார். இங்கே வந்ததிலிருந்து பொண்ணுக்குக் கன்னட எழுத்து மறந்துகொண்டே வருகிறதாம், பார்க்கக் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் எழுத வைப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் பாடம் நடத்துவது சரியா என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை, அது அவர்கள் பாடு.

உத்தரவுகளிலும் சமரச ஒப்பந்தங்களிலும் "பள்ளி விடுமுறை நாட்களில் தந்தை அழைத்துச் செல்லலாம்" என்று ஒரே வரி எழுதிவிடுகிறார்கள் பாருங்கள், இதுதான் எனக்கு ஆகவே ஆகாது. எந்த ஊர் விடுமுறை? நவம்பர் 1 பாண்டியில் விடுதலை நாள், லீவு. கர்நாடகாவில் ராஜ்யோத்சவா, லீவு. நடுவில் கடலூரில் பள்ளிக்கூடம் உண்டு. ஆகஸ்ட் 15 எல்லோருக்கும் லீவு, 16 பாண்டிக்கு மட்டும் லீவு. பொங்கலுக்கு நமக்கு வரிசையாக நாள் கிடைக்கும், அங்கே சங்கராந்தி ஒரு நாளோடு சரி. தசராவுக்கு அங்கே நீளமாக விடுவார்கள், இங்கே காலாண்டுத் தேர்வை ஒட்டித்தான். கோடை லீவு அங்கே பெரும்பாலும் ஏப்ரல் பாதியிலேயே ஆரம்பித்து மே கடைசியில் முடிந்துவிடும், நம் பிள்ளைக்கு அப்போதுதான் முழுப் பரீட்சை நடக்கும். அப்பா ஏப்ரலில் டிக்கெட் போட்டுவிட்டு வந்து நிற்பார், அம்மா பரீட்சை என்பார், அவர் கோர்ட்டு அவமதிப்பு என்பார், மறுபடி ஒரு மனு. ஒரு காலண்டரை மேஜையில் விரித்து வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தவிர்க்கக்கூடிய மனு அது.

அதனால் சமரச மையத்துக்குப் போகிறவர்கள் கௌரவம், மன்னிப்பு எல்லாம் பேசுங்கள், ஆனால் எழுந்து வருவதற்குள் தேதியை எழுதுங்கள். எந்த ஊர் பள்ளி நாட்காட்டி, யார் கொண்டுபோய் விடுவது, யார் திரும்பக் கூட்டி வருவது, எந்த பஸ் நிலையம், பஸ் காசு யார் தலையில், காய்ச்சல் என்றால் அந்த முறைக்குப் பதில் எந்த வாரம், போன் யாருடையது, பேசும்போது அறையில் யார் இருக்கலாம், பாட்டி தாத்தா பார்க்க வரலாமா. பள்ளி மாற்றுவதானால் எத்தனை நாள் முன்னால் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாண்டி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் மாற்றினாலே பாடத்திட்டம் வேறாகிவிடுகிறது. டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவதும் பெரிசாக எடுபடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. எட்டாவது வரைக்கும் இது பொருந்தும்.

கையில் காசில்லாமல் வெளிமாநில வாய்தாவுக்கு எப்படிப் போவது என்று திகைத்து நிற்கும் பெண்களுக்கு: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். வெளியூர் கோர்ட்டில் வீடியோ கான்ஃபரன்ஸில் ஆஜராக அனுமதி கேட்டு மனு போடலாம், கொரோனாவுக்கு அப்புறம் அது முன்னைப் போல அதிசயம் இல்லை. அந்த மனுவோடு பிள்ளையை அப்பா இந்தந்தத் தேதியில் பார்க்க எனக்குச் சம்மதம் என்று ஒரு பக்கத்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், எந்த வழக்கிலும் அந்தப் பக்கத்தை முதலில் கொடுக்கிறவர் பேச்சை நீதிபதி கொஞ்சம் நிதானமாகக் கேட்பார் என்று எனக்குத் தெரிந்த சீனியர் வக்கீல்கள் எல்லோருமே சொல்கிறார்கள்.